வீட்டில் கரப்பானா? அறிகுறியைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் வழி

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறேன். போன மாசி மாதம் ஓர் அக்கா மிக்சியைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். சுவிட்சைத் திருப்பினால் ஓடவில்லை, லேசாகத் தீய்ந்த வாடை. கவிழ்த்து வைத்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றி அடித்தட்டைத் தூக்கினேன். வறுத்த கடலையைத் தேய்த்து ஊதினால் தொலி பறந்து கிடக்குமே, அதுபோல மோட்டாரைச் சுற்றி மெல்லிய பழுப்புத் தோல்கள். சுவிட்ச் காண்டாக்ட் நடுவில் ஒன்று நசுங்கிக் கருகியிருந்தது. வெளிச்சம் பட்டதும் எள்ளளவு குஞ்சுகள் என் மேசையில் நாலா பக்கமும் சிதறி ஓடின.

"எங்க வீட்ல ஒத்தக் கரப்பான் கூடக் கெடையாது தம்பி. இங்கருந்துதான் ஏறியிருக்கும்" என்றார்.

என் கடையில் அந்த மிக்சி வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை. ஒன்பதரை மணிக்கு அடுப்படி லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கிறவர் கண்ணில் அது படுவதற்கு வழியே இல்லை. கரப்பான் இருக்கிற வீட்டில் முதலில் தெரிவது கரப்பான் அல்ல, அது விட்டுப்போன தடயம்தான்.

மெஷினுக்கு நான் செய்வதையே இதற்கும் செய்யச் சொல்கிறேன். என்ன கம்ப்ளைன்ட், எந்த நேரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் சத்தம் என்று கேட்ட பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவேன். பூச்சியைப் பார்த்ததும் ஸ்பிரே வாங்க ஓடுவது, சத்தம் கேட்டதும் மோட்டாரை மாற்றுவது மாதிரி.

எல்லாவற்றுக்கும் முன்னால்: பெரிசா, சின்னதா?

நம் வீடுகளில் தொல்லை பெரும்பாலும் இரண்டு ஆட்களால்தான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பெரியது 35 முதல் 40 மில்லிமீட்டர் இருக்கும். செம்பழுப்பு நிறம், தலையை மூடும் தகட்டின் ஓரத்தில் மஞ்சள் வளையம். பெயர் அமெரிக்கக் கரப்பான், ஆனால் பூர்வீகம் ஆப்பிரிக்கா. இதன் ஊர் பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க், பாத்ரூம் ஜல்லடைக்குக் கீழே. அங்கிருந்து வீட்டுக்குள் வந்து போகும் விருந்தாளி.

சின்னது 12 முதல் 15 மில்லிமீட்டர்தான். வெளிர் பழுப்பு, கழுத்துத் தகட்டில் இரண்டு கருங்கோடு. இறக்கை உண்டு, பறக்காது. இதை ஜெர்மன் கரப்பான் என்கிறார்கள். ஜெர்மனிக்காரன் தலையில் கட்டினாலும், 2024-இல் மரபணுவைச் சோதித்தவர்கள் சொன்னது வேறு: சுமார் 2100 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா அல்லது மியான்மர் பக்கம் இருந்த ஓர் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்ததாம். நம்ம ஊர்ப் பக்கத்துச் சரக்குதான். இது விருந்தாளி இல்லை. உங்கள் வீட்டிலேயே பிறந்து, வளர்ந்து, அங்கேயே குட்டி போடுகிற குடித்தனக்காரர்.

பெரியதற்கு ஓட்டையை அடைக்க வேண்டும். சின்னதற்குக் கூட்டைத் தேட வேண்டும். மாற்றிச் செய்தால் காசுதான் போகும்.

அளவை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். பெரியதன் குஞ்சும் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் உடம்பு முழுக்க ஒரே நிறம். ஜெர்மன் குஞ்சு கருப்பாக இருக்கும், முதுகு நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு பட்டை ஓடும்.

"ராத்திரி லைட்டைப் போட்டதும் ஒன்று ஓடியது"

செருப்பைத் தேடாதீர்கள். எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பயந்த கரப்பான் வீட்டைப் பார்த்துத்தான் ஓடும்.

பாத்ரூமில் பெரியது ஒன்று, அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில் என்றால், சாக்கடையில் தண்ணீர் ஏறி மேலே வந்திருக்கிறது. அக்கினி நட்சத்திரப் புழுக்கத்தில் ஜன்னல் வழியாகப் பறந்தும் வரும். ஒன்றிரண்டு வந்தால் வீடு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. புழங்காத பாத்ரூம் இருந்தால் அதன் தரைக்குழியில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்திருக்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவு. வாரம் ஒரு முறை ஒரு வாளி ஊற்றினால் பாதித் தொல்லை நிற்கும். ஜல்லடை உடைந்திருந்தால் மாற்றுங்கள், சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் இடைவெளி இருந்தால் வெள்ளை சிமென்ட் வைத்து அடையுங்கள்.

அடுப்படியில் சின்னது ஒன்று ஓடினால் கதையே வேறு. அது தனியாக வந்து நிற்காது. எதன் அடியில் நுழைந்ததோ அங்கே சாக்பீசால் ஒரு குறி போட்டுவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

"பகலிலேயே தெரிகிறது"

பெரியது பகலில் மெதுவாகத் தடுமாறி நடந்தால் பெரும்பாலும் எங்கோ மருந்து தின்றுவிட்டு வந்திருக்கும். சின்னது பட்டப்பகலில் மேடைமேல் உலாத்தினால், ஒளிகிற இடத்தில் இடம் போதவில்லை என்று அர்த்தம். சாப்பாடோ தண்ணீரோ கிடைக்காமலும் அப்படி வரும், ஆனால் நம் அடுப்படிகளில் அந்தப் பஞ்சம் எங்கே வருகிறது? பகலில் சின்னதைப் பார்த்த வீட்டை நான் முற்றிய கேஸ் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

"அலமாரியில் கருப்பாகப் பொடி கிடக்கிறது"

அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு வெள்ளைத்தாளில் தட்டியெடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள்.

அரைத்த மிளகுத்தூள் சிந்தியது போல, காப்பித்தூள் போல இருந்தால் ஜெர்மன் கரப்பான் எச்சம். கதவுக் கீல், டிராயர் மூலை, கேஸ் அடுப்பின் கால், பிளக் பாயின்ட் ஓரம் இங்கெல்லாம் திட்டாக இருக்கும். ஈரமான இடமாக இருந்தால் பொடி கரைந்து, பேனா மை கசிந்தது போலக் கறுப்புப் புள்ளியாகவோ பழுப்புக் கீறலாகவோ மரத்தில் ஊறியிருக்கும். சிலர் அதைத் துரு என்று நினைத்துப் பல வருஷம் விட்டுவிடுகிறார்கள். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்பாகக் கரைந்து துணியில் ஏறினால் துரு இல்லை.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், இரண்டு முனையும் மழுங்கல், உற்றுப் பார்த்தால் நீளவாக்கில் வரி என்றால் பெரிய கரப்பான்.

அதே போன்று, ஆனால் அரிசி போல முனை கூராக இருந்தால் சுண்டெலி. எலிப் பொறி வாங்குங்கள், இந்த வழிமுறை உங்களுக்கு இல்லை.

ஒரு முனையில் மட்டும் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளை ஒட்டியிருந்தால் பல்லி. மதுரையில் எந்த வீட்டில் பல்லி இல்லை? டியூப்லைட்டுக்குக் கீழே, சாமி படத்துக்குக் கீழே கிடப்பது முக்கால்வாசி இதுதான். பல்லி கரப்பான் குஞ்சைத் தின்னும், அதனால் அடுப்படியில் பல்லி எச்சம் கூடிக்கொண்டே போனால் அது எதைத் தின்று வளர்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

மஞ்சள் மாவு போலக் கொட்டினால் மரம் உளுத்திருக்கிறது. நாலு மாசி வீதிக்குள் இருக்கும் பழைய வீடுகளில் பரண் கட்டைக்கு அடியில் இதைப் பார்த்துவிட்டு என்னிடம் கரப்பான் மருந்து கேட்டவர்கள் உண்டு. தச்சரைக் கூப்பிடுங்கள்.

"தட்டப்பயறு போல ஒன்று கிடக்கிறது"

கரப்பான் தனித்தனி முட்டையாக இடாது, பொட்டலமாகக் கட்டும். கரும்பழுப்பாக, தட்டப்பயறு அளவில், அட்டைப்பெட்டி மடிப்பிலோ பரண் மூலையிலோ ஒட்டவைத்தது போல இருந்தால் பெரியதன் முட்டைப்பை. உள்ளே சுமார் 15 முட்டை. பொரிக்க ஒன்றரை மாதம் வரை ஆகும். விரலால் அமுக்கும்போது கெட்டியாக இருந்தால் இன்னும் பொரிக்கவில்லை, காலி என்றால் நசுங்கும். பேப்பரில் எடுத்து மிதித்துவிடுங்கள், குப்பைக்கூடையில் அப்படியே போட்டால் அங்கே பொரிக்கும்.

சின்னதன் பை வெளிர் பழுப்பு, குறுக்கே வரிவரியாக, சின்ன பர்ஸ் மாதிரி. அதில் 30 முதல் 40 முட்டை. ஆனால் இதைத் தாய் தன் பின்பக்கத்திலேயே சுமந்து திரிந்து, பொரிப்பதற்கு ஒரு நாள் முன்னால்தான் கீழே போடும். ஆகவே காலிப் பை கண்ணில் பட்டால், தாய்க்கூடு ஒரு முழத் தூரத்துக்குள்தான். அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

பரண், சுவர்க்கடிகாரம், காலண்டர், சாமி படத்தின் பின்புறம் இப்படி உயரமான, காய்ந்த இடங்களில் அரிசியைவிடக் கொஞ்சம் பருமனான பை ஒட்டியிருந்தால் அது மூன்றாவது ஆள், இறக்கையில் குறுக்குப் பட்டை போட்ட கரப்பான். அடுப்படியை மட்டும் சுத்தம் செய்தால் அது சிரிக்கும்.

"தோல் கிடக்கிறது, வெள்ளையாக ஒரு பூச்சி"

கரப்பான் வளரும்போது சட்டை கழற்றும். சின்னது ஆறேழு முறை, பெரியது பத்துக்கு மேல். தோல் பல அளவில் கலந்து கிடந்தால் பல நாளாகவே குடியிருக்கிறது. வெள்ளைக் கரப்பான் புது ஜாதி இல்லை, சட்டை கழற்றி நிமிஷக் கணக்குதான் ஆகியிருக்கிறது. சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். அதைப் பார்த்த இடம்தான் ஒளிவிடம், ஏனென்றால் அந்த நிலையில் அது தூரம் போகாது.

"அலமாரியைத் திறந்தால் ஒரு வாடை"

எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சையும் கலந்தது போல, ஊறிய அட்டைபோல ஒரு நெடி. வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிப்போயிருக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்தான் மூக்கைச் சுளிப்பார். கேட்டுப் பாருங்கள், கோபிக்காதீர்கள்.

"மெஷின் கோளாறு பண்ணுகிறது"

இது என் பேட்டை. கரப்பானுக்கு வேண்டியது மூன்று: சூடு, ஈரம், இருட்டு. மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது ஃபிரிட்ஜின் பின்பக்கம், கீழே. கம்ப்ரசர் சூடாக இருக்கும், அதன்மேல் உருகும் தண்ணீர் வடியும் தட்டு இருக்கும், சுற்றிலும் தூசிப் போர்வை. சாப்பாடு இல்லாமல் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும் ஜெர்மன் கரப்பான், தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம் தாண்டாது. அதனால்தான் பாத்திரம் கழுவி வைத்த வீட்டிலும் இது இருக்கிறது. ராத்திரி சொட்டுகிற குழாயும் நனைந்த ஸ்பாஞ்சும் போதும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்காமல் பின்பக்க அட்டையில் கை வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜை ஓர் அடி முன்னால் இழுத்து டார்ச் அடியுங்கள். தட்டின் ஓரம், வயர் கட்டு, கதவு ரப்பர் மடிப்பு, மூன்றும் பாருங்கள். ரப்பர் மடிப்பை விரலால் விரித்தால் மிளகுப்பொடி தெரியும்.

மைக்ரோவேவ் அடுப்பில் நேரம் காட்டும் கண்ணாடிக்குள்ளேயே ஒன்று ஊர்ந்தால், கேட்கவே வேண்டாம், போர்டு வரை போயிருக்கிறது. தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் அடாப்டர், வைஃபை பெட்டி, இன்வெர்ட்டர், மிக்சி அடிப்பாகம் எல்லாமே இளஞ்சூட்டு வீடுகள். மிக்சியில் கூடுதல் வசதி, சட்னி வழிந்து, ஜார் உட்காரும் கப்ளர் ஓரமாக உள்ளே இறங்கியிருக்கும்.

மெஷினுக்குள் ஸ்பிரே அடிக்காதீர்கள். அந்த டப்பாக்களில் மருந்தைத் தள்ளுகிற வாயு பெரும்பாலும் எரியக்கூடியது. சுவிட்சில் ஒரு பொறி பறந்தால் போதும். எரிகிற அடுப்புப் பக்கமும் வேண்டாம். மெஷினை ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்து, பக்கத்தில் ஒட்டு அட்டை (பசை தடவிய பூச்சிப் பொறி) ஒன்றும் வைத்து, வாயைக் கட்டி நாலைந்து நாள் விடுங்கள். பசியில் வெளியே வந்து ஒட்டும். நான் கடையில் இப்படித்தான் செய்கிறேன்.

"குழந்தைக்கு இளைப்பு அடிக்கடி வருகிறது"

கரப்பான் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியாகி மூச்சில் போனால் ஒவ்வாமையைக் கிளப்பும், ஆஸ்துமாவைக் கூட்டும். இது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். அந்தப் பொடியை விளக்குமாறால் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத்துணியில் ஒற்றி எடுங்கள். குழந்தையை டாக்டரிடம் காட்டும்போது வீட்டில் கரப்பான் உண்டு என்பதையும் சொல்லுங்கள், நாம் வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இது. (சித்த வைத்தியர் "கரப்பான்" என்றால் அது தோல் வியாதி. அங்கே போய்ப் பூச்சியைப் பற்றிப் பேசிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

"மருந்து அடித்தேன், முன்னைவிடக் கூடிவிட்டது"

இதற்கு நாலு காரணம் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, ஸ்பிரே பட்டது மட்டும் செத்தது, மற்றவை விரண்டு ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் இடம் மாறின. முன்பு ஒரே கூடு, இப்போது மூன்று.

இரண்டு, முட்டைப்பைக்குள் மருந்து இறங்காது. நாலு வாரம் கழித்துப் பொரித்தவைதான் நீங்கள் இப்போது பார்ப்பவை.

மூன்று, ஜெல் வைத்துவிட்டு அதன்மேலேயே ஸ்பிரேயும் அடித்தது. ஜெல் என்பது தின்னக் கொடுக்கிற விஷம். ஸ்பிரே வாடை அடித்தால் பக்கத்தில் வராது. ஜெல்லை மிளகு அளவுச் சொட்டாக, பொடி கண்ட இடங்களில் மட்டும், நிறைய இடத்தில் வையுங்கள். குழந்தை கை எட்டாத கீல், இடுக்கு, ஃபிரிட்ஜ் பின்புறம். தின்று செத்ததன் எச்சத்தைக் குஞ்சுகள் தின்று அவையும் சாகும், அதுதான் இதன் சாமர்த்தியம். பத்து நாளாகியும் தொடாமல் இருந்தால் வேறு மருந்து கலந்த, வேறு கம்பெனி ஜெல்லுக்கு மாறுங்கள். ஜெர்மன் கரப்பான்களில் சில கூட்டத்துக்குக் குளுக்கோஸ் கசப்பாகத் தெரிகிறது என்று 2013-இல் ஆராய்ச்சிக்காரர்கள் நிரூபித்தார்கள். இனிப்பு வைத்து ஏமாற்றிய நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம்.

நான்கு, நீங்கள் வளவில் குடியிருக்கிறீர்கள். செல்லூர், ஆரப்பாளையம் பக்கம் ஒரே சுவரில் ஆறு வீடு. இரண்டு ஏடிஎம் கார்டை ஒன்றாகச் சேர்த்து நுழைக்கிற இடைவெளி குஞ்சுக்கு ராஜபாட்டை. நீங்கள் மட்டும் மருந்து வைத்தால் இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து திரும்ப வரும். ஆறு வீடும் ஒரே வாரத்தில் வைத்தால்தான் உண்டு. யார் வீட்டில் ஆரம்பித்தது என்ற பேச்சை எடுக்காதீர்கள், வேலை நடக்காது.

பாச்சை உருண்டை பற்றியும் கேட்கிறார்கள். பெயரிலேயே பாச்சை இருக்கிறது, சரி. ஆனால் மூடிய பெட்டிக்குள்தான் அதன் ஆவி வேலை செய்யும். திறந்த சிங்க்கில் நாலு உருண்டை போட்டால் வாடை நமக்குத்தான். எறும்புச் சாக்பீஸ் கோடு கொஞ்சம் கொல்லும், ஆனால் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் என்று குழந்தை எடுத்துவிடும். கோடு போட்டதும் மிச்சத்தைக் கையெட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். மீன் தொட்டி இருக்கிற வீட்டில் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், மீனுக்குத் துளி போதும்.

இன்னும் சந்தேகமாக இருந்தால்: ஒட்டு அட்டைச் சோதனை

மேலே சொன்ன எதுவும் தெளிவாக இல்லையென்றால், ஆறு ஒட்டு அட்டை வாங்குங்கள். ஃபிரிட்ஜ் பின்னால், கேஸ் அடுப்புக்குக் கீழே, சிங்க்குக்கு அடியில், அரிசி டிரம் பக்கம், பரணில், பாத்ரூம் வாசலில். நடுத்தரையில் வைத்துப் பயனில்லை, சுவரோடு ஒட்டி வையுங்கள், கரப்பான் ஓரம் பிடித்துத்தான் நடக்கும். அட்டையில் தேதி எழுதுங்கள். அட்டை கிடைக்காவிட்டால் பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் ஒரு துண்டு ரொட்டி போட்டு, வாய்க்குக் கீழே உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இறங்கும், ஏற முடியாது.

மூன்று ராத்திரி கழித்து எண்ணுங்கள். ஓர் அட்டையில் மட்டும் குஞ்சு நிறைய என்றால் கூடு அந்த இடத்திலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம், ஏனென்றால் குஞ்சு தொலைவு போகாது. பாத்ரூம் வாசல் அட்டையில் பெரியது மட்டும் என்றால் சாக்கடை வழி. ஆறிலும் கலந்து இருந்தால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு மருந்தடிப்பவரைக் கூப்பிடலாம். மொத்தக் கடையிலிருந்து மளிகையை அட்டைப்பெட்டியோடு கொண்டுவருகிற வழக்கம் இருந்தால், அந்தப் பெட்டி பக்கமும் ஓர் அட்டை வையுங்கள். நெளிவு அட்டையின் குழலுக்குள் பை இருக்கும்.

அந்த மிக்சி அக்கா அட்டையைத் தினத்தாளில் சுற்றி என் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தது. எண்ணினோம், பதினேழு. அதில் பன்னிரண்டு குஞ்சு. "இம்புட்டா!" என்று வாயில் கை வைத்தார். ஜெல் வைத்து, சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றி, இரண்டு வாரம் கழித்து நாலு. ஒரு மாதத்தில் பொரித்து வந்தவை ஆறு. மூன்றாவது மாத அட்டையில் கரப்பான் இல்லை, ஒரு பல்லிக்குட்டி ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டியது. அப்படி ஒட்டினால் இழுக்காதீர்கள், தோல் கிழியும். நாலு சொட்டு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டு, பட்டும் படாமலும் குச்சியால் தள்ளிவிட்டால் கழன்று ஓடிவிடும்.